வீட்டில் அடி, பீரோ மேல் துப்பாக்கி: லைசென்ஸை நிறுத்திவைக்க என்ன செய்ய வேண்டும்

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான். என் தங்கையின் கணவரும் தன்னுடைய 12 போர் டபுள் பேரலைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை அது வீட்டில் இல்லை. அந்த நாட்களில் அவர் குடிக்காமல் இல்லை, கை நீட்டாமலும் இல்லை. ஆனால் துப்பாக்கி திரும்பி வந்த அன்று ராத்திரி தங்கை எனக்குப் போன் செய்தாள். "இவ்வளவு நாள் நான் தூங்கியிருக்கேன் அக்கா. இன்னைக்குத்தான் அது தெரியுது" என்றாள்.

எழும்பூர் நீதிமன்றம் பக்கம் ஒரு சந்தில் 27 வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். முதலில் ரெமிங்டன் மிஷின், இப்போது கம்ப்யூட்டர். ஜீவனாம்சம், விவாகரத்து, அடிதடி, செக் மோசடி என்று ஆயிரக்கணக்கான மனுக்கள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்த மனு வேலை செய்கிறது, எது கட்டோடு கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரியும். தங்கைக்காக இந்தச் சட்டத்தைப் படித்தேன், வக்கீல்களிடம் கேட்டேன், அலைந்தேன். அப்போது நினைத்ததுதான்: இதைத் தமிழில் ஒரே இடத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நாள் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது இது: "கேஸ்ல தண்டனை ஆனாத்தானே துப்பாக்கியைப் பிடுங்குவாங்க?" இப்படி நினைத்துக்கொண்டுதான் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தண்டனை வந்தால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அது கடைசிக் கதவு. அதற்கு முன்பே திறக்கக்கூடிய கதவுகள் இருக்கின்றன. தங்கை விஷயத்தில் குற்ற வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

சரி, தண்டனை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான். படைக்கலச் சட்டம், 1959 என்று ஒன்று இருக்கிறது. கோர்ட்டில் ஆர்ம்ஸ் ஆக்ட் என்பார்கள். அதன் 9-வது பிரிவின்படி, வன்முறை சம்பந்தப்பட்ட குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து 5 வருடம் வரை துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துப்போகவும் கூடாது. ஒரு காலத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாத தண்டனை என்று இருந்தது. 1988-இல் அதை மாற்றி, எத்தனை நாள் சிறைத் தண்டனையானாலும் பொருந்தும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'சிறைத் தண்டனை'. வெறும் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தால் இந்தத் தடை தானாக விழாது. நன்னடத்தையில் விட்டுவிட்டாலும் அப்படியே. அடுத்து, குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கொடுக்கும் பாதுகாப்பு ஆணை தண்டனைக் கணக்கில் வராது. 2005-ஆம் வருடத்து அந்தச் சட்டத்தில் போடும் மனு, பாதுகாப்பும் இருப்பிடமும் பணமும் கேட்கிற மனு. அதில் ஜெயித்தாலும் அவர் 'தண்டனை பெற்றவர்' ஆகமாட்டார். அந்த ஆணையை அவர் மீறினால்தான் அது குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

9-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. அமைதியைக் காப்பேன், ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவானவரும், அந்தப் பத்திரம் நடப்பில் உள்ள வரை துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நம் ஊரில் "107 போட்டுட்டாங்க" என்று சொல்வோமே, அதுதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 126-வது பிரிவு. தெருச் சண்டைக்குத்தான் அது என்று நினைக்காதீர்கள். கணவர் உங்கள் அப்பா வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டு ரகளை செய்து, போலீஸ் அறிக்கையின் மேல் நிர்வாக மாஜிஸ்திரேட் அந்தப் பிரிவில் பத்திரம் வாங்கினால், அந்த உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள். துப்பாக்கி விஷயத்தில் அது பெரிய ஆயுதம்.

இப்போது நிஜமாகச் செய்ய வேண்டியவை.

முதலில், துப்பாக்கியைத் தொடாதீர்கள். என் தங்கைக்கு வந்த முதல் யோசனையே, அவர் தூங்கும்போது அதை எடுத்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்பதுதான். நல்லவேளை, என்னிடம் கேட்டாள். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. அவர் கூட இல்லாமல், அவருடைய எழுத்துபூர்வ அனுமதியும் இல்லாமல் வேறொருவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் நம் தலையில் விழும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒளித்துவைப்பதும் வேண்டாம். தேடும்போது கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோபம் யார்மீது திரும்பும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழந்தையோடு வெளியே போய் 100 அல்லது 112-ஐ அழைப்பது. "வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, அவர் கையில் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண், அது எந்நேரமும் இருக்கிறது.

அடுத்தது லைசென்ஸ் விவரம். அவருடைய பெயர், உரிம எண், கொடுத்த அதிகாரி யார், எந்தத் தேதிவரை செல்லும், என்ன துப்பாக்கி, அதன் எண். லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் ஒரு போட்டோ போதும். அது பூட்டுக்குள் இருந்தால் தேர்தல் ரசீதைத் தேடுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்ததற்கு ஒரு ரசீது கொடுக்கிறார்கள் அல்லவா, அதில் பெரும்பாலான விவரம் இருக்கும். தங்கை வீட்டில் அது ஈ.பி. அட்டையோடு சேர்த்து ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் ரசீதானாலும் பரவாயில்லை, துப்பாக்கி எண் மாறாது. இந்த விவரங்கள் எதுவும் கிடைக்காவிட்டாலும் மனு கொடுக்கலாம். ஆபத்தை விலைக்கு வாங்கி விவரம் தேட வேண்டாம்.

யார் கொடுத்த லைசென்ஸ் என்பதில்தான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். சென்னை மாநகரில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி போலீஸ் கமிஷனர். மாவட்டங்களில் கலெக்டர். தங்கையின் கணவர் ராணுவத்தில் 17 வருடம் இருந்து வந்தவர், வேலூர் பக்கத்து ஊர். வந்தவுடன் ஒரு வங்கிக்குக் கன்மேனாகப் போகலாம் என்று அங்கேதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அந்த வேலையும் இரண்டு வருடத்தில் போய்விட்டது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி மேற்பார்வையாளர், அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. குடியிருப்பதோ அயனாவரத்தில். ஆக, லைசென்ஸ் வேலூர் கலெக்டருடையது, துப்பாக்கி சென்னையில். சென்னையில் மட்டும் மனு கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால், கொடுத்த அதிகாரி இன்னொருவர் என்ற பதில்தான் வந்திருக்கும். முன்னாள் ராணுவத்தினர் வீடுகளில் இது சகஜம். அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள்: லைசென்ஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு ஒன்று, நீங்கள் இப்போது குடியிருக்கும் எல்லைக்குரிய அதிகாரிக்கு ஒன்று. சென்னைக்கு என்றால் வேப்பேரி ஈ.வெ.கி. சம்பத் சாலையில் உள்ள கமிஷனர் அலுவலகம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட் (பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது). அந்தச் சான்று வந்ததும் அதை மனு நகலோடு பின் செய்து வையுங்கள்.

இனி மனுவில் எழுதுவது. என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் கணவர் ஒருநாளும் துப்பாக்கியை அவள்மீது நீட்டியதில்லை. அடித்துவிட்டு, பீரோ மேலிருந்து அதை எடுத்து, குழலைத் திறந்து, மெதுவாக எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளுடைய மகனுக்கு அப்போது 9 வயது. அவன் ஒருநாள் எங்கள் அம்மாவிடம் சொன்னான்: "அப்பா துப்பாக்கி துடைச்சா அம்மா பேசமாட்டாங்க பாட்டி." அதைக் கேட்டுத்தான் அம்மா உடைந்து போனாள்.

இதைப் புகாராகச் சொல்லப் போனால் ஸ்டேஷனில் என்ன கேட்பார்கள்? ஒரு காவல் நிலையத்தில் அப்படியே கேட்டார்கள். "சுட்டாரா?" இல்லை. "உங்க மேல நீட்டினாரா?" இல்லை. "அப்ப அடிச்சதை எழுதுங்க, துப்பாக்கிக்கு என்ன சம்பந்தம்?" அவர்கள் எழுதிய காகிதத்தில் 'கணவர் குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார், வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்கிறார்' என்று இருந்தது. தங்கையிடம் அவர் வரதட்சணையே கேட்டதில்லை. பழக்கத்தில் கை அப்படி எழுதிவிடுகிறது. நான் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, நடந்ததை நடந்தபடியே டைப் செய்தேன். அதன் ஒரு பகுதி இது:

"14.07.2024 ஞாயிறு இரவு சுமார் 10.30 மணிக்கு எனது கணவர் குடித்துவிட்டு வந்து எனது இடது கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார். பின்பு படுக்கையறை பீரோவின் மேலிருந்து தனது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்தார். குழலைத் திறந்து, பீரோ லாக்கரிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துப் போட்டு மூடினார். அதை மடியில் வைத்துக்கொண்டு கதவை மறித்து நாற்காலியில் சுமார் அரை மணி நேரம் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் மகன் அதே அறையில் இருந்தான். நாங்கள் இருவரும் வெளியே போக முடியவில்லை. இதே போல இதற்கு முன்பும் நான்கு முறை நடந்துள்ளது. துப்பாக்கி தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் இருந்த நாட்களில் இப்படி நடக்கவில்லை."

'என் உயிருக்கு ஆபத்து' என்று மட்டும் எழுதாதீர்கள். நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் அந்த வாக்கியம் இருக்கும், படிக்கிறவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தேதி, கிழமை, நேரம், துப்பாக்கி எங்கே இருந்தது, கை என்ன செய்தது, யார் அறையில் இருந்தார்கள், இவைதான் நிற்கும். இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஒருவர்மீது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. வெறும் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் காட்டி ரத்து செய்தால் அவர் மேல்முறையீட்டில் வாங்கிவிடுவார். அடிக்கும் கைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பை மனு காட்டினால்தான் அதிகாரியின் உத்தரவில் அந்தக் காரணம் ஏறும். அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அவர் எழுத வேண்டிய காரணத்தை நாம்தான் கையில் கொடுக்க வேண்டும்.

கோரிக்கையில் பிரிவு எண்ணைப் போடுங்கள். படைக்கலச் சட்டம் பிரிவு 17(3). லைசென்ஸ் வைத்திருப்பவர் எந்தக் காரணத்தாலோ அதற்குத் தகுதியற்றவர் என்று அதிகாரி கருதினாலும், பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று கருதினாலும், லைசென்ஸை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். தகவலை மறைத்து வாங்கிய லைசென்ஸ் என்றாலும் அப்படியே. தண்டனை தேவை என்று அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. நாங்கள் எழுதியது: 'உடனடியாக உரிமத்தை நிறுத்திவைத்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காவல் நிலையப் பாதுகாப்பில் எடுத்து, விசாரணைக்குப் பின் உரிமத்தை ரத்து செய்யும்படி வேண்டுகிறேன்.' 'தோட்டாக்களையும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இணைக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர். நகல். அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பற்றி அங்கே எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். அங்கே டாக்டர் "எப்படி அடிபட்டது" என்று கேட்கும்போது "கீழே விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் அது பின்னால் நமக்கே எதிராக வரும். உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் பாதுகாப்பு ஆணை இருந்தால் அதன் நகல்.

அந்த ஆணைக்குப் போகும் வழி. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலும் போடலாம். தங்கை சூளையில் என் வீட்டுக்கு வந்துவிட்டதால் இந்தப் பக்கமே போட்டோம். இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போகலாம். சென்னைக்கு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலப் பிரிவில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிறுத்திவிட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். எண் 15100.

அந்த மனுவில் வழக்கமாக ஜீவனாம்சம், வீடு, குழந்தை எல்லாம் வரும். ஆயுதம் பற்றிய கோரிக்கை மட்டும் வராது. வக்கீல்கள் வைத்திருக்கும் பழைய மாதிரியில் அது இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லிப் போடச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்துக்கான 2006-ஆம் வருட விதிகளில் 10-வது விதி இருக்கிறது: மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவிட்டால், குடும்ப வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைக் கைப்பற்றப் பாதுகாப்பு அலுவலர் போலீஸ் உதவியை எடுக்கலாம். அந்த உத்தரவைக் கேளுங்கள். 23-வது பிரிவில் இடைக்கால ஆணையாகவே கேட்கலாம், அவசரம் என்றால் அவருக்கு நோட்டீஸ் போகும் முன்பே கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கூடவே படைக்கலச் சட்டத்தின் 22-வது பிரிவையும் வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஒருவரிடம் துப்பாக்கியை விட்டுவைத்தால் பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று மாஜிஸ்திரேட் நம்பினால், காரணத்தைப் பதிவு செய்துவிட்டு, சோதனை போட்டுக் கைப்பற்றி, தேவையான காலம் வரை பாதுகாப்பில் வைக்கச் சொல்லலாம். லைசென்ஸ் இருந்தாலும் சரி.

குற்றப் புகாரில் இன்னொரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கணவர் கொடுமை செய்ததற்கு 85-வது பிரிவு, பழைய 498-ஏ. அதோடு நிறுத்திவிடாமல், அடித்ததற்கு 115(2), மிரட்டியதற்கு 351 ஆகியவையும் வரும்படி சம்பவத்தைச் சொல்லுங்கள். நாளைக்குத் தண்டனையானால், அது 'வன்முறை சம்பந்தப்பட்ட குற்றம்' தானா என்று 9-வது பிரிவில் வாதம் வரக் கூடாது. அடித்தார் என்று தீர்ப்பிலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கொடுக்கும் நாளில் நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இதை நான் பலமுறை சொல்வேன். லைசென்ஸ் மனு போனால் இன்ஸ்பெக்டர் விசாரிக்கக் கூப்பிடுவார், அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். அந்தச் செய்தி அவருக்கு எட்டும் நேரத்தில் துப்பாக்கி இன்னும் பீரோ மேலேயே இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சான்றுகள், ஆதார், வங்கிப் புத்தகம், மருந்து, மாற்றுத்துணி, எல்லாவற்றையும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோங்கள். தங்கை மகனின் டியூஷன் பையில் ஒரு வாரமாகக் கடத்தினாள். போக இடம் இல்லையென்றால் 181-இல் கேட்டு ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க ஏற்பாடு செய்யலாம்.

மனு போன பிறகு சும்மா இருந்தால் அது தூங்கும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 'அவருடைய லைசென்ஸ் விவரம் கொடுங்கள்' என்று கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க வாய்ப்பு அதிகம். 'இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேளுங்கள். அது உங்கள் மனு. எங்களுக்கு இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அசைவு வந்தது. அயனாவரத்தில் விசாரணை, அப்புறம் நிறுத்திவைப்பு உத்தரவு. நிறுத்திவைத்தாலும் ரத்து செய்தாலும் அவர் தாமதமில்லாமல் துப்பாக்கியைப் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், 21-வது பிரிவு. ஒப்படைத்தாரா என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உத்தரவு காகிதத்திலும் துப்பாக்கி பீரோ மேலும் இருப்பதில் அர்த்தம் இல்லை.

துப்பாக்கியை வைத்துத்தான் அவருக்கு வேலை என்றால்? கன்மேன் வேலையில் இருப்பவரின் மனைவிகள் இரண்டு பேர் என்னிடம் இதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். லைசென்ஸ் போனால் சம்பளம் போகும், சம்பளம் போனால் பிள்ளை ஃபீஸ் போகும். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. நான் சொன்னது இதுதான்: அவருக்குத் துப்பாக்கி இல்லாத காவல் வேலை கிடைக்கும். சம்பளம் சில ஆயிரம் குறையலாம். ஜீவனாம்ச மனுவில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வக்கீலிடம் சொல்லலாம். "என் பிழைப்பைக் கெடுத்துட்டா" என்று ஊர் முழுக்கச் சொல்வார், சொல்லட்டும்.

வழக்கு முடியும்போது மூன்று விதமாக முடியலாம். தண்டனையானால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி நீங்களே லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்புங்கள். தண்டிக்கும் நீதிமன்றமே லைசென்ஸை ரத்து செய்யும் அதிகாரம் படைக்கலச் சட்டக் குற்றங்களுக்குத்தான் இருக்கிறது. மனைவியை அடித்த வழக்கில் அது வராது. நீங்கள் அனுப்பாவிட்டால் தீர்ப்பு ஒரு கட்டிலும் லைசென்ஸ் இன்னொரு கட்டிலும் கிடக்கும். விடுதலையானால் அவர் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்பார். அப்போதும் பழைய மனுவின் சம்பவங்களைச் சொல்லி ஆட்சேபிக்கலாம். 17(3) தனியாக நிற்கிறது.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: சமரசம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கூட்டு மனு போடுவார்கள். நான் மாதத்துக்கு நான்கைந்து டைப் செய்கிறேன். நகை, பணம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் எட்டுப் பக்கம் வரும். துப்பாக்கி பற்றி ஒரு வரி வராது. வழக்கு ரத்தாகிவிட்டால் தண்டனை இல்லை, 9-வது பிரிவுக்கு வேலையும் இல்லை. ஆகவே சமரசப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: துப்பாக்கியையும் தோட்டாக்களையும் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் இத்தனை நாளுக்குள் விற்று, உரிமத்தை அதிகாரியிடம் ஒப்படைத்து, அந்த ரசீதைக் காட்டிய பிறகே வழக்கை முடித்துக்கொள்வது. பேச்சு நல்லபடியாகப் போகும்போது இதைக் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் கேட்க முடியும்.

சென்னையில் பெற்றோர், அமெரிக்காவில் மகள் என்று இருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, மருமகன் வீட்டில் கைத்துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். அங்கே சட்டம் வேறு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தப்படி, குடும்ப வன்முறையில் சிறிய குற்றத்துக்குத் தண்டனையானாலும் துப்பாக்கித் தடை விழும். மனைவியை அடித்தவருக்கு இங்கே போல 5 வருடக் கெடு கிடையாது. போலீஸ்காரர், ராணுவத்தினர் என்றாலும் விலக்கு இல்லை. அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, வாதாட வாய்ப்பும் கொடுத்த பின் நீதிமன்றம் விதிக்கும் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருந்தாலும் தடை உண்டு. அது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ரஹீமி வழக்கில் 8-க்கு 1 என்று சொல்லியிருக்கிறது. ஆகவே அங்கே மகள் கேட்க வேண்டியது பாதுகாப்பு ஆணை, இங்கிருந்து நாம் அனுப்பும் புகார் அங்கே எதையும் அசைக்காது. அந்த அம்மாவிடம், மகள் தன் கையாலேயே அங்குள்ள உதவி எண்ணில் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

தங்கை இப்போது சூளையில் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறாள். குற்ற வழக்கில் சாட்சி விசாரணை போய்க்கொண்டிருக்கிறது. துப்பாக்கி ஸ்டேஷனில். ஒரு லைசென்ஸ் இப்போது 5 வருடத்துக்குச் செல்லும், 2019-க்கு முன் 3 வருடம். அவருடையது முடியும் தேதி தேர்தல் ரசீதோடு கிடந்த போட்டோ நகலில் இருந்தது. புதுப்பிக்கப் போனால் மறுபடி போலீஸ் அறிக்கை கேட்பார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே போய்ச் சேரும்படி, சென்னைக்கு ஒன்றும் வேலூருக்கு ஒன்றுமாக ஆட்சேபணை மனு டைப் செய்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தேதியும் அவள் கையெழுத்தும்தான் பாக்கி.